கிரீஸுக்குள் ஒளிந்த சத்தம்

தச்சர் அந்தப் பேரிங் கடைக்குள் நுழைந்தபோதே கருகிய எண்ணெயின் வாடையும் அவரோடு நுழைந்தது. கையிலிருந்த துணிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்து, ஓரங்களை விரல்நுனியால் விலக்கினார். உள்ளே ஒரு பேரிங், தீயில் வாட்டிய இரும்பைப் போல நீலம் பாய்ந்து கிடந்தது.

"தொடாதீங்கக்கா, இன்னும் சூடு இருக்கு," என்றார். "மரம் அறுக்கத்தான் உங்ககிட்ட வாங்கிட்டுப் போனேன். இது கச்சேரி பண்ணுது. காலையில ஆரம்பிச்ச பாட்டு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, எப்ப முடியும்னு கேட்டுட்டுப் போறார்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. தோளிலிருந்த துணியால் கைகளைத் துடைத்துக்கொண்டு, பேரிங்கைத் துணியோடு சேர்த்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குண்டுகளைத் தாங்கியிருக்க வேண்டிய தகரக் கூடு, தேன்கூட்டைப் பிய்த்தாற்போல் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

அந்தத் தெருவில் அவருக்குப் பேரிங் அக்கா என்று பெயர். ஒரு நடைபாதையின் அகலமே உள்ள கடை. இரண்டு சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். அவற்றில் எண் வரிசைப்படி அட்டைப்பெட்டிகள். மணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில், மாமனாருக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் அவர் கடைக்கு வந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பேரிங் ஒன்றை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினார். "இது சரியில்ல மாமா, எங்கயோ இடறுது," என்று அவர் சொன்னதை மாமனார் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, பிறகு தாமே சுற்றிப் பார்த்து, சோற்றுக் கையோடு எழுந்து அதைத் தனியே எடுத்து வைத்தார். பார்வை மங்கியபோது கடைச் சாவியை அவர் மகனிடமும் கொடுக்கவில்லை, மகளிடமும் கொடுக்கவில்லை, மருமகளிடம் கொடுத்தார். மகன் அதற்காக வருத்தப்படவில்லை. அவருக்கு இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவதில்தான் நாட்டம். மகள் வருத்தப்பட்டாள்.

அன்றுமுதல் அந்த விரல்தான் கடையின் பெயர்ப்பலகை. இடக்கை ஆட்காட்டி விரலில் பேரிங்கை மாட்டி, வலக்கையால் வெளிவளையத்தைத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொள்வார். நல்லதென்றால் தலையசைப்பார். கெட்டதென்றால் பேசாமல் மேசைக்கு அடியில் போட்டுவிடுவார். வாடிக்கையாளர்கள் அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை.

கைபேசியில் பார்த்து, கடல்கடந்து வரவழைத்த இந்தப் பேரிங்குகளையும் அவர் அப்படித்தான் சோதித்தார். வழக்கமாகச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி கைவிரித்துவிட்ட நேரம் அது. பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டிகள் பாதி விலைக்கு வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுற்றினார். எல்லாம் கனமாக, சத்தமில்லாமல், ஒரே சீராகச் சுழன்றன. அவர் தலையசைத்தார்.

இப்போது அதே வரவிலிருந்து புதிய பேரிங் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தார். பேனாக்கத்தியின் முனையால் அதன் மூடியை நெம்பினார். உள்ளே கிரீஸ், அடைத்து வைத்த மெழுகைப் போல இறுகியிருந்தது. ஒரு தகர மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதைக் கழுவினார். கிரீஸ் முழுவதும் கரைந்த பிறகு துடைத்து விரலில் மாட்டித் தட்டிவிட்டார்.

பல்லிடுக்கில் மணல் அகப்பட்டதைப் போன்ற சத்தம். அரைச் சுற்றில் நின்றுவிட்டது.

"அடேயப்பா," என்றார் தச்சர் மெதுவாக.

கூட்டை நகத்தால் அழுத்தினார், அது வளைந்தது. ஈரமான கட்டைவிரலால் வெளிவளையத்தைத் தேய்த்தார். நிறுவனத்தின் பெயர் விரலோடு வந்துவிட்டது. கிரீஸின் பிடிவாதத்தைப் பேரிங்கின் நிதானம் என்று அந்த விரல் நம்பியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றையாவது பிரித்துக் கழுவிப் பார்த்திருப்பார்கள். விரல் இருக்கும்போது எதற்கு என்று அவர் பார்க்கவில்லை.

கருகியதையும் கழுவியதையும் படமெடுத்து, விற்றவனுக்கு அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கை நின்றது.

"என்னக்கா?"

"இதே வரவுல ஒரு பெரிய ஜோடியும் இருந்துச்சு."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"எங்க நாத்தனாருக்கு."

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றே அழைப்பார்கள். தலை பாதி நரைத்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. நகரத்தின் மறுகோடியில் அவள் சலவைக்கூடம் வைத்திருந்தாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள்தாம் பெரும்பாலும் வரும். அங்கே துவைத்த துணியைப் பிழிவதற்குச் சலவைக்காரர்கள் ஹைட்ரோ என்று சொல்லும் ஓர் இயந்திரம் இருந்தது. ஈரத் துணியைச் சுமந்துகொண்டு அதன் டிரம், கண்ணுக்கு வெறும் புகையாகத் தெரியும் வேகத்தில் சுழலும். அந்த எடை முழுவதையும் தாங்கும் தண்டில்தான் அந்த ஜோடி இருந்தது. சென்ற வாரம் அண்ணனே போய் மாட்டிவிட்டு வந்திருந்தார். தச்சரின் இயந்திரம் அதன்முன் ஒரு பொம்மை.

பாப்பாவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். பேரிங் விலை விஷயமாக இருவருக்கும் சிறு வாக்குவாதம் நடந்ததிலிருந்து, அண்ணியின் அழைப்பை அடிக்கவிட்டுப் பார்ப்பது பாப்பாவின் வழக்கம். அல்லது கைபேசி மேசை இழுப்பறைக்குள் கிடக்கலாம். அந்தக் கூடத்தின் இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது.

கணவரை அழைத்தார். அவர் எடுத்தார்.

"பாப்பா மெஷின்ல மாட்டினீங்களே, அந்த ஜோடி. அது போலிங்க."

மறுமுனையில் ஸ்பேனர் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எப்படிச் சொல்றே?"

"கழுவிப் பார்த்தேன். தச்சர் மெஷின்ல ஒண்ணு எரிஞ்சே போச்சு. அவ போன் எடுக்கல."

"இந்நேரம் ஆஸ்பத்திரித் துணி ஓடிக்கிட்டிருக்கும்." சற்று நிறுத்தினார். "நான் கிளம்பறேன். ஆனா நீதான் முன்னால போய்ச் சேருவே. நல்லா கேட்டுக்கோ. கரண்ட மட்டும் நிறுத்து. பிரேக்க மிதிக்க விடாத. பிரேக் பட்டை தண்ட ஒரு பக்கமா இழுக்கும். பேரிங் விட்டிருந்தா டிரம் வெளியவே வந்துடும். அதுவா நிக்கட்டும். யாரும் உள்ள இருக்கக் கூடாது."

"சரிங்க."

"அவ கேக்க மாட்டா."

"தெரியும்."

தச்சர் அதற்குள் மேசைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். "நீங்க போங்கக்கா. கடைய நான் பார்த்துக்கறேன்."

"யாராவது பேரிங் கேட்டா?"

"இல்லைன்னு சொல்றேன். இருக்குன்னு சொல்லி நான் பட்டது போதாதா?"

ஸ்கூட்டர் முதல் உதையில் கிளம்பவில்லை. கிளம்பிய பிறகு, குழாய் பதிக்கத் தோண்டிய தெருவில் ஒரு லாரி வழியை அடைத்துப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு வழிகாட்டியவர் "வா, வா, வா" என்று சாவகாசமாகக் கையசைத்தார். பேரிங் அக்கா ஒலிப்பானை அழுத்தினார். அவர் திரும்பிப் பார்த்து, "பறந்தா போகப் போறீங்க?" என்றார். பள்ளத்தின் விளிம்பில், ஒரு சாண் மண்ணில், ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே கடந்தார் பேரிங் அக்கா.

வழியெல்லாம் மனத்துக்குள் வேறொரு வாக்கியமும் தயாராகிக்கொண்டிருந்தது. 'அண்ணன் இன்னும் நல்ல பேரிங்கா கொண்டு வர்றார், அதுவரைக்கும் நிறுத்திவை' என்று சொல்லலாம். பொய்யே இல்லை. பாப்பாவுக்கு உண்மை தெரியவே வேண்டாம். 'எங்கப்பா கடையில போலிச் சரக்கு' என்று உறவு முழுக்க அவள் சொல்லித் திரியும் வாய்ப்பே இராது. ஆனால் அப்படிச் சொன்னால் பாப்பா நிறுத்த மாட்டாள். 'இந்தச் சுற்று முடியட்டும் அண்ணி' என்பாள். அந்தச் சுற்றுதான் பயம்.

கூடத்தை எட்டுமுன்பே சத்தம் காதில் விழுந்தது. துவைக்கும் இயந்திரங்களின் ஓலத்துக்கு அடியில், ஒரு சுரண்டல் வந்து வந்து போயிற்று. ஸ்கூட்டரை நிறுத்தவில்லை, சாய்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

நீண்ட கூடம். வாசலருகே இஸ்திரி மேசைகள். அங்கே கனத்த கண்ணாடி அணிந்த பெண் ஒருத்தி, மருத்துவர் ஒருவரின் வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோடாபுட்டி என்றால்தான் அங்கே அவளைத் தெரியும். அவளே அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வாள். மருத்துவமனை வண்டியின் ஓட்டுநர் மூட்டையொன்றின்மேல் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தின் கடைசியில், ஹைட்ரோவின் மூடிமேல் உள்ளங்கையை ஊன்றி, தலையைச் சாய்த்தபடி பாப்பா நின்றாள். துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டதோ என்று அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலும். அவளுடைய வயிற்றுக்கும் அந்த டிரம்முக்கும் இடையில் ஒரு தகடுதான் இருந்தது.

"பாப்பா" என்று அழைத்தார். கேட்கவில்லை. வாசல் சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

விளக்குகள் அணைந்தன. துவைக்கும் இயந்திரங்கள் பெருமூச்சு விட்டு நின்றன. ஹைட்ரோ மட்டும் தன் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மற்றச் சத்தங்கள் அடங்கிய பிறகு அந்தச் சுரண்டல், எலும்பைத் தேய்ப்பதுபோல் கூடம் முழுவதும் நிறைந்தது.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். சுவிட்சின்மேல் இருந்த கையைப் பார்த்தாள். அந்தக் கைக்குரிய முகத்தையும் பார்த்தாள்.

"அண்ணி, இது உங்க கடை இல்ல."

"வெளிய வா பாப்பா. எல்லாரும் வெளிய போங்க."

"வண்டி நிக்குது. ஆப்பரேஷன் தியேட்டர் விரிப்பு உள்ள கிடக்கு. என்ன விளையாட்டு இது?" பேசிக்கொண்டே அவளுடைய கால் பிரேக் மிதியைத் தேடியது. மின்சாரம் போனால் மிதியை அழுத்தி டிரம்மை நிறுத்துவது, அங்கே மூச்சு விடுவதைப்போல் பழகிப்போன ஒன்று.

பேரிங் அக்கா அந்த வயதில் ஓடக்கூடிய ஓட்டமல்ல அது. ஈரத் தரையில் செருப்பு வழுக்க, பாப்பாவின் இடுப்பை இரண்டு கைகளாலும் வளைத்துப் பின்னுக்கு இழுத்தார். இருவரும் துணிக்கூடை ஒன்றின்மேல் சாய்ந்தார்கள்.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு?"

"பேரிங் போலி. வெளிநாட்டுலேருந்து நான்தான் வாங்கினேன். உனக்கு நான்தான் குடுத்தேன். பிரேக்ல கால வெச்சே, இந்த டிரம் உன் மேல வந்துடும். இப்ப வெளிய வா. அப்புறம் என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

பாப்பா ஒரு கணம் அண்ணியையும், மறுகணம் இயந்திரத்தையும் பார்த்தாள். மூடியின் விளிம்பிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. அண்ணியின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, "போங்க, போங்க, எல்லாரும் வெளிய," என்று சொல்லிக்கொண்டே வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். ஓட்டுநர் அவர்களுக்கு முன்பே தெருவில் இருந்தார்.

வெளியே வந்ததும் எண்ணிப் பார்த்தார்கள். சோடாபுட்டி இல்லை.

அவள் வாசற்படியில் உள்நோக்கித் திரும்பி நின்றாள். "அக்கா, இஸ்திரிப் பெட்டிய கோட்டு மேலயே வெச்சுட்டேன். ரெண்டே எட்டுல எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"பெரிய டாக்டர் கோட்டுக்கா. கருகிடும்."

"கருகட்டும். அவர் வேற போட்டுக்குவார். நீ வேற கிடைக்க மாட்டே." பாப்பா அவளுடைய முந்தானையைப் பற்றி இழுத்தாள்.

"இப்பதான் மொதல் தடவையா நல்ல வார்த்தை சொல்றீங்க," என்றாள் சோடாபுட்டி.

டிரம்மின் வேகம் குறையக் குறைய, சத்தம் தடித்தது. சுரண்டல் தட்டலாயிற்று. தட்டல், கதவை உடைப்பவன் தோளால் மோதுவதுபோல், இடைவெளி விட்டு விட்டு வந்தது. கூடத்தின் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. துணி கருகும் வாடை வாசல்வரை வந்தது. ஓட்டுநர், "நின்னுடும், நின்னுடும்," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பேரிங் அக்கா கண்ணை மூடியிருந்தார். இந்த முறை விரலில் ஒன்றும் இல்லை. பாப்பாவின் மணிக்கட்டுதான் கையில் இருந்தது. அதை விட்டால் அவள் உள்ளே போய்விடுவாள் என்பதுபோல் இறுகப் பிடித்திருந்தார்.

பிறகு எதுவோ ஒடிந்தது. டிரம் சாய்ந்து உறையின் சுவரில் மோதியது, மீண்டும் மோதியது, திருகாணிகள் கல்லெறிந்தாற்போல் சுவரில் பட்டுத் தெறித்தன. கனத்த மூடி பெயர்ந்து, தரையில் ஒரு பெரிய தட்டைப் போலச் சுழன்று, பாப்பா நின்றிருந்த இடத்தில் படுத்தது. பிரேக் மிதி கூரையைப் பார்த்து வளைந்திருந்தது.

அமைதி. உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் சோடாபுட்டிதான் அசைந்தாள். போய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தினாள். கோட்டின் முதுகில் பெட்டியின் வடிவம் பழுப்பாக, அச்சுக் குத்தினாற்போல் தெளிவாக விழுந்திருந்தது.

"கைய விடுங்க அண்ணி. வலிக்குது," என்றாள் பாப்பா.

விட்டார். மணிக்கட்டில் விரல்களின் தடம் சிவந்திருந்தது. பாப்பா அதைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"போலின்னு தெரியாது. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும். உன்கிட்ட அதைச் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா வேற கேப்பே. வேற என்கிட்ட இல்ல. இல்லைன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

பாப்பா படிக்கட்டில் உட்கார்ந்து, நின்றுகொண்டிருக்கும் அண்ணியை ஏறிட்டும் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் பேரிங் அக்காவின் கைபேசி ஒலித்தது. விற்றவனிடமிருந்து பதில், கைபேசியே மொழிபெயர்த்த தமிழில் வந்திருந்தது. படிக்கும் கண்ணாடியைக் கடையிலேயே விட்டு வந்ததால் அவர் எட்ட நீட்டிப் பிடித்துப் பார்த்தார், எழுத்துப் பிடிபடவில்லை. பாப்பா கையை நீட்டி வாங்கி, உரக்கப் படித்தாள்.

"'மதிப்பிற்குரிய அன்பான நண்பரே, உங்கள் சோகத்தை எங்கள் இதயம் உணர்கிறது. தயவுசெய்து பேரிங் ஓடிக்கொண்டிருக்கும்போது உடைவதை மிக அருகில் நின்று தெளிவான வீடியோவாக எடுத்து அனுப்பவும். எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் தர மறவாதீர்கள்.'"

"மிக அருகில் நின்று," என்று பாப்பா மறுபடி சொன்னாள். அவளுடைய உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார் அண்ணி. அவள் சிரித்தாள், சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நட்சத்திரம் வேற கேக்கறான். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள நின்னிருந்தா நானே பார்த்திருப்பேன், எத்தனை நட்சத்திரம்னு."

"அப்படிப் பேசாத பாப்பா."

"என்ன வேணும்னாலும் திட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

கணவர் வந்து சேர்ந்தார். தங்கையை மேலும் கீழும் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உள்ளே போய், சாய்ந்த தண்டின் கீழே கையைவிட்டு, சிதறிய குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டினார். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லாமல் இருந்தன.

"நான் மாட்டினப்பவே பார்த்திருக்கணும்," என்றார்.

"மூடியிருந்துச்சுல்ல," என்றார் மனைவி.

மருத்துவமனை ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "நடந்தது பெரிய விஷயந்தான், ஒத்துக்கறேன். ஆனா மத்தியானம் ஆப்பரேஷன் இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. விரிப்பு இல்லாம நான் போய் என்ன சொல்ல?"

சாய்ந்த டிரம்முக்குள் விரிப்புகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. அழுக்கு ஒட்டாதவற்றைக் கணவர் ஒவ்வொன்றாக உருவித் தந்தார். அவற்றிலிருந்து தண்ணீர் கயிறுபோல் ஒழுகியது. உலர்த்தும் இயந்திரங்கள் இரண்டுக்கும் பழுதில்லை. மின்சாரம் தந்தால் ஓடும். ஆனால் இவ்வளவு ஈரத்தோடு போட்டால் மாலைவரை உலராது. பாப்பா முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரு விரிப்பின் முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அண்ணியின் பக்கம் எறிந்தாள்.

"பிடிங்க. கையாலதான் பிழியணும்."

இருவரும் வாசலுக்கும் மேசைக்கும் இடையில் விரிப்பை இழுத்துப் பிடித்து, எதிரெதிர்த் திசையில் முறுக்கினார்கள். தண்ணீர் அவர்களுடைய காலடியில் கொட்டியது. ஒன்று முடிந்ததும் சோடாபுட்டி அதை வாங்கி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டாள். அடுத்தது வந்தது. மூன்றாவதுக்குள் பேரிங் அக்காவுக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. பிடியை மாற்றிக்கொண்டார்.

"மீதி எங்க இருக்கு?" என்றாள் பாப்பா, முறுக்கிக்கொண்டே.

"கடையில. அலமாரியில."

"வேற யாருக்குக் குடுத்தீங்க?"

"தச்சருக்கும் உனக்கும்தான். அவர் கழட்டிட்டார்."

"மீதிய என்ன பண்ணப் போறீங்க?"

"பழைய இரும்புக்குப் போடணும்."

"போட்டா இரும்புக் கடைக்காரன் என்ன பண்ணுவான் தெரியுமில்ல? துடைச்சு, எண்ணெய் பூசி, வேற பெட்டியில வெச்சு வேற யாருக்காவது விப்பான். அங்க எவளாவது என்ன மாதிரி மூடி மேல கைய வெச்சுக்கிட்டு நிப்பா."

"வெட்டித்தான் போடுவேன். ஒவ்வொண்ணா. உங்கண்ணன் கட்டிங் மெஷின் வெச்சிருக்கார்."

"எனக்கு எப்படித் தெரியும், வெட்டினீங்கன்னு?"

"நீயே வந்து வெட்டு. கடை இருக்கிற இடம் உனக்குத் தெரியாதா?"

பாப்பாவின் கை ஒரு கணம் நின்றது. கடைப்படியை அவள் மிதித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் முனையை மறுபடி சுற்றி, குதிகாலை ஊன்றிக்கொண்டாள்.

"வர்றேன்," என்றாள் கடைசியில். "இப்ப இழுத்துப் பிடிங்க அண்ணி. உங்க பக்கம் தளருது."